குளிப்பாட்டும் பலகை

பதுளை,
1918ஆம் வருஷம், ஆகஸ்து மாதம்.

அளவற்ற அருளாளனைப் புகழ்ந்து தொடங்குகிறேன்.

ஏறாவூரில் இருக்கும் என் கூடப் பிறந்த தங்கச்சி பலீலாவுக்கு, உன் ராத்தா ஜெனீரா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நீயும் ஜுனைதீன் தம்பியும் சின்னப் பிள்ளைகளும் சுகத்தோடு இருக்க ஐந்து நேரமும் கை ஏந்துகிறேன். நாங்களும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துப் படி.

முதலில் உன் மகள் காமிலாவின் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை நீ படிக்க மாட்டாய். உங்கள் பக்கத்துக் காய்ச்சல் அவளை விட்டுப் போய்விட்டது. மாட்டுக் கரத்தையில் இருந்து இறங்கும்போது முருங்கைக்காய் போல இறங்கினவளுக்கு இப்போது கன்னம் வைத்திருக்கிறது. மலைக் குளிர் அவளுக்கு ஒத்துக்கொண்டது. பதினைந்து வயதுப் பிள்ளை தின்கிற மாதிரித் தின்கிறாள். கூடவே வாயும் வளர்ந்திருக்கிறது. நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்கிறாள். பெரியம்மா, நீங்கள் கறிக்கு உப்புப் போட்டீர்களா இல்லையா என்று உன் மச்சான் முன்னாலேயே கேட்கிறாள். அவர் தாடிக்குள்ளே சிரிக்கிறார். பிள்ளையில்லாத வீட்டில் இந்தச் சத்தம் எனக்கு வேண்டித்தான் இருந்தது, அதை அவளிடம் சொல்லிவிடாதே.

காமிலாவுக்குப் பேசி வைத்திருக்கும் ஹுமைதின் தாயார் மவுலூது மாதத்தில் நிகாஹ் வைக்கலாம் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். நல்லது. அதற்குள் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சதை வைத்து அனுப்புகிறேன்.

இனி என் வயிற்றெரிச்சலைக் கேள். இந்த ஊருக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. போன மழைக்காலத்தில் பசறையில் ஒரு கடைக்காரர் பெண்சாதி மவுத்தாகிவிட்டாள். மவுத்தான பொம்புளையின் மையித்தைப் பொம்புளைதானே குளிப்பாட்ட வேண்டும். பசறையில் அது தெரிந்த ஒருத்தி இல்லை. பதுளையில் இருந்த ஒரே கிழவியும் அதற்கு முன்னமே கண்ணை மூடிவிட்டாள். பண்டாரவளையில் இருந்து ஆள் வந்து சேரும்வரை அந்த மனுசி பாயிலேயே கிடந்தாள். கடைசியில் நடந்ததை நான் எழுத மாட்டேன், உனக்குச் சோறு இறங்காது. அதற்குப் பிறகு பள்ளிவாசல் மரைக்கார் இத்ரூஸ் ஜமாஅத்தைக் கூட்டி, வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் எல்லாரும் இதைப் பழக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். யார் சொல்லிக் கொடுப்பது என்றால், பள்ளியில் தொழுகை நடத்துகிற லெப்பையின் பெண்சாதி மர்லியா நான் இருக்கிறேன் என்று முன்னுக்கு வந்துவிட்டாள். முப்பது வயதுகூட இருக்காது அவளுக்கு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்பார்களே, அந்தக் கதைதான்.

வியாழக்கிழமைதோறும் லெப்பை வீட்டுப் பின்கட்டில் பிள்ளைகள் கூடுகிறார்கள். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வடிப்பது, படுத்த ஆளை எழுப்பாமல் பாய்விரிப்பு மாற்றுவது, ஈர விறகில் அடுப்பு மூட்டுவது, சட்டை தைப்பது, இதெல்லாம் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. பிறகு அந்தப் பலகையை எடுத்துப் போடுகிறாள். பலாப் பலகை, மையித்துக் குளிப்பாட்டுகிற நீளம். பிள்ளைகளில் ஒருத்தி அதில் மையித்தாகப் படுக்க வேண்டும், மற்றவர்கள் உடுத்த துணிக்கு மேலேயே தண்ணீர் ஊற்றுவதாகப் பாவித்துப் பழக வேண்டும். உடம்பில் இருக்கிற நகைநட்டு எல்லாம் கழற்று, சாயம், மை எதுவும் மிஞ்சாமல் துடை, முடியை மூன்று பின்னலாக்கு, மையித்தைச் சுற்றுகிற கபன் துணியை இப்படிக் கிழி, இந்த இடத்தில் முடிச்சுப் போடு என்று அவள் சொல்லச் சொல்ல இவர்கள் செய்கிறார்கள். உன் மகளைப் படுக்க வைத்தபோது கூச்சத்தில் விழுந்து விழுந்து சிரித்தாளாம். மையித்துக்குக் கூச்சம் கிடையாது என்று மர்லியா ஏசினாளாம். இதை வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். உசுரோடு இருக்கிற குமரைப் பிணம் போலக் கிடத்துவதா? தேங்காய் துருவத் தெரியாத பிள்ளைக்கு இதுவா முதல் படிப்பு?

அதோடு விட்டாளா? இந்தப் பிள்ளைகள் பஞ்சு மாதிரி இருக்கிறார்கள், உண்மை மையித்து இப்படி இருக்காது, புரட்டிப் பழகக் கனமான ஆள் வேண்டும், ராத்தா, நீங்கள் ஒரு நாள் வந்து பலகையில் படுத்துத் தாருங்கள் என்று என்னையே கேட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் நெய்ச்சோறு தின்று வளர்த்த உடம்பு உனக்குப் பழகுவதற்கா, நான் இன்னும் சாகவில்லை போ என்று சொல்லி அனுப்பினேன். உன் மகள் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

நீ அவளுடைய தாய். போகாதே என்று ஒரு வரி எழுது, நான் நிறுத்திவிடுகிறேன். என் சொல்லை அவள் கேட்க மாட்டாள், உன் எழுத்தைக் கண்டால் கேட்பாள். உன் கடிதம் வந்தால் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். ஹுமைதின் தாயார் காதில் இது விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசி.

எனக்குக் கொஞ்ச நாளாக வயிற்றில் ஒரு நோவு. பலாக்கொட்டை தின்றது என்று நினைக்கிறேன். ஓமத் தண்ணீர் குடிக்கிறேன்.

பிள்ளைகளை நான் முத்தமிட்டதாகச் சொல். அல்லாஹ் உங்கள் வீட்டு வாசலில் நல்லதையே கொண்டுவந்து இறக்கட்டும்.

உன் ராத்தா,
ஜெனீரா.


பதுளை,
1918ஆம் வருஷம், நவம்பர் மாதம்.

நோயைத் தந்து சுகத்தையும் தருகிறவன் பெயரால்.

அன்பான பலீலாவுக்கு ஸலாம். காமிலா உசுரோடு இருக்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி நெஞ்சைப் பிடிக்காமல் படி.

படிக்கட்டும் ராத்தா, ஒரு நாளைக்கு உதவும், வெளியே மட்டும் தெரிய வேண்டாம் என்று நீ எழுதினாய். சரி என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு நாள் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பம்பாய்க் காய்ச்சல் என்கிறார்கள், யுத்தக் காய்ச்சல் என்கிறார்கள், பெயரில் என்ன இருக்கிறது. காலையில் தலைவலி என்று படுத்தவன் மறுநாள் மூக்கால் ரத்தம் வந்து போகிறான். கடைத்தெருவில் பாதிக் கடை பூட்டு. உன் மச்சான் கடையைத் திறந்து வைத்திருப்பதே வெள்ளைத் துணி கிழித்துக் கொடுக்கத்தான். தோட்டங்களில் இதைவிட மோசம். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆளில்லையாம். கொழுந்து முற்றிப் போய் நிற்கிறதாம்.

மர்லியாவும் அவள் பழக்கிய பிள்ளைகளும் வீடு வீடாகப் போனார்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், பாய் மாற்றினார்கள். மவுத்தான பொம்புளைகளைக் குளிப்பாட்டிக் கபனிட்டார்கள். காமிலாவும் சிநேகிதி நளீராவும் எப்போதும் சோடி. போகாதே என்று நான் வாசலை மறித்து நின்றேன். பெரியம்மா, பசறைக்காரி மாதிரி ஒருத்தி கிடக்கட்டுமா என்று கேட்டாள். வாசலை விட்டு விலகினேன். நான் பொய் சொல்ல மாட்டேன், விலகும்போது எனக்கு அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

பிறகு மடுல்சீமையில் இருந்து செய்தி வந்தது. அங்கே தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிற நிஸாமின் பெண்சாதி மவுத்து. மலைக்கு மேலே நம் ஆட்கள் அந்த ஒரு குடும்பம்தான். உன் மச்சான் கரத்தை பிடித்து மர்லியாவையும் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு மழையோடு மழையாகப் போனார். குளிப்பாட்டி அடக்கமும் ஆனது. திரும்ப முடியவில்லை, பாதையில் மண் சரிந்து விழுந்துவிட்டது. எல்லாரும் நிஸாமின் கடையிலேயே தங்கினார்கள். அங்கேயே மர்லியாவுக்குக் குளிர் நடுக்கம் தொடங்கிவிட்டது.

மறுநாள் லயத்தில் ரெங்கம்மா என்று ஒரு பொம்புளை இறந்துபோனாள். நிஸாமின் கடையில்தான் அரிசி வாங்குவாளாம். கொழுந்து பறிக்கிறவள். புருஷன் வீரய்யா காய்ச்சலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். லயம் முழுக்கப் படுக்கை. எழுந்து ஒரு குடம் தண்ணீர் மொள்ள ஆளில்லை. ஏழெட்டு வயது மகள் கடைக்கு வந்து, அம்மா மேலே எறும்பு ஏறுதுங்க என்று சொல்லிக்கொண்டு நின்றதாம். சொல்லு பலீலா, அதைக் கேட்டுவிட்டு உன் மகள் சும்மா இருப்பாளா? நீயானால் இருந்திருப்பாயா? மர்லியா போர்வைக்குள் இருந்து தலையை ஆட்டினாளாம், போங்கள் என்று. மர்லியா எழுந்து போயிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யாருக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளும் தனியே போனார்கள்.

அவர்களுக்கு என்ன தெரியுமோ அதைச் செய்தார்கள். மறைப்புக் கட்டி, வெந்நீர் வைத்து, குறை சொல்ல முடியாதபடி குளிப்பாட்டினார்கள். நகைநட்டு எல்லாம் கழற்று என்பதுதானே படிப்பு. கைவளையலைக் கழற்றினார்கள். கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றையும் கழற்றி, பத்திரமாக வைத்துக்கொள் என்று அந்தக் குழந்தை கையில் கொடுத்தார்கள். நெற்றிக் குங்குமத்தைச் சுத்தமாகத் துடைத்தார்கள். நிஸாமின் வீட்டில் மிஞ்சிய கபன் துணியில் நம் முறைப்படி சுற்றி முடிச்சுப் போட்டார்கள். நல்ல வெள்ளை. பிள்ளைகள் தங்கள் கைவேலையைப் பார்த்துத் திருப்தியாக இருந்தார்களாம். காமிலா எனக்கு அதையும் மறைக்காமல் சொன்னாள்.

அந்த நேரம் செய்தி கேட்டு வீரய்யா கங்காணியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். வாசலில் நின்று பார்த்தானாம். கத்தவில்லை, ஏசவில்லை. இந்தப் பிள்ளைகளைக் கும்பிட்டுவிட்டுத்தான் கேட்டானாம். நான் உசுரோடதானேங்க நிக்கிறேன், என் பொஞ்சாதி தாலிய எதுக்குங்க கழட்டுனீங்க என்று.

பலீலா, புருஷன் உசுரோடு இருக்கும்போதே கண்ணை மூடுகிறவள் அந்தத் தோட்டத்து ஆட்களுக்கு மகராசி. அவளைப் பூவும் பொட்டும் வைத்து, தாலியோடு, கலியாணச் சேலை கட்டித்தான் எடுப்பார்கள். வெள்ளைத் துணி என்பது தாலி அறுத்தவளுக்கு. புருஷன் நிற்கும்போதே இப்படிச் செய்தால் அது அவனைச் செத்தவன் என்று சொன்ன மாதிரி. நமக்கு எல்லாருக்கும் ஒரே வெள்ளைதானே, ராணிக்கும் வெள்ளை, வேலைக்காரிக்கும் வெள்ளை. இந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? நான் இத்தனை வருஷம் பதுளைக் கடைத்தெருவில் தோட்டத்துப் பொம்புளைகள் துணி வாங்கப் பார்த்திருக்கிறேன். சிவப்பு இருக்காங்க, நல்ல அரக்குச் சிவப்பு இருக்காங்க என்றுதான் கேட்பார்கள். எனக்கே இது தோன்றியிருக்காது.

பக்கத்து வீட்டுக் காம்பராவில் காய்ச்சலோடு சுவரில் சாய்ந்திருந்த இராக்கம்மா என்கிறவள்தான் விவரம் சொல்லி அழுதாளாம். எனக்கு எழும்ப முடியலையே, எழும்பியிருந்தா தடுத்திருப்பேனே என்று. ரெங்கம்மாவின் தகரப் பெட்டி அவள் தலைமாட்டிலேயே இருந்தது. அதற்குள் அந்தச் சிவப்புச் சேலை மடிப்புக் கலையாமல் இருந்திருக்கிறது. அடுத்தவர் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று நீயும் நானும் வளர்த்த பிள்ளை. திறக்கவில்லை.

நளீரா குழந்தை கையில் இருந்த தாலியை வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். காமிலா கபன் முடிச்சை அவிழ்த்தாள். இராக்கம்மா குங்குமச் சிமிழைக் கொடுத்தனுப்பினாள். வீரய்யா தாலியைக் கழுத்தில் போட்டு, குங்குமத்தைத் தன் கையாலேயே வைத்தான், அது நெற்றியில் நிற்காமல் மூக்கில் எல்லாம் கொட்டியதாம். சேலை மாற்றுவதற்குள் குழியில் தண்ணீர் ஏறுகிறது என்று கங்காணி அவசரப்படுத்திவிட்டார். ரெங்கம்மா வெள்ளையோடேதான் போனாள்.

பாதை திறந்து இவர்கள் வந்து சேர்ந்ததில் இருந்து காமிலா பேசுவது குறைவு. லெப்பையிடம் போய் இதில் பாவம் உண்டா என்று உன் மச்சான் கேட்டார். கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு உடம்புக்குத் தண்ணீர் வார்த்ததற்கு அல்லாஹ் கேள்வி கேட்டால் நான் போய்ப் பதில் சொல்கிறேன் என்றாராம் லெப்பை. அதைக் காமிலாவிடம் சொன்னேன். அல்லாஹ் கேட்கமாட்டான் பெரியம்மா, அந்த மனுசன்தான் கேட்டார் என்கிறாள்.

மர்லியாவுக்கு இன்னும் காய்ச்சல் இறங்கவில்லை. துஆச் செய்.

எனக்குச் சோறு பிடிக்கவில்லை. கஞ்சிதான். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், உன் மச்சானைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். மருந்து தந்திருக்கிறார்கள், கசப்பு.

உன் பிள்ளைகளை வெளியே விடாதே. உங்கள் ஊர்ப் பக்கம் இந்தச் சனியன் வராமல் அல்லாஹ் மலையைப் போல நடுவில் நிற்கட்டும்.

உன் ராத்தா,
ஜெனீரா.


பதுளை,
1919ஆம் வருஷம், ஜனவரி மாதம்.

முதலும் முடிவும் எவன் கையில் இருக்கிறதோ அவன் பெயரால்.

என் தங்கச்சி பலீலாவுக்கு ஸலாம். உன் கோபக் கடிதம் வந்தது. நல்ல வேளை, தபால்காரன் கொடுத்தபோது காமிலா கிணற்றடியில் இருந்தாள். அதை அவளுக்குக் காட்டவில்லை. இந்தக் கடிதத்தை உன் மச்சானுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். விட்டு விட்டு எழுதியதால் மை நிறம் மாறியிருக்கும்.

ஹுமைதின் தாயார் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், காபிர் பிணம் தொட்ட கையால் என் மகனுக்குச் சோறு போடுவதா என்று கேட்டாள், உடனே பிள்ளையை அனுப்பு, காலில் விழுந்தாவது சரிசெய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் நீ யார் காலிலும் விழாதே, கெட்ட கோபம் வரும் எனக்கு. அவளுக்கும் ஒரு நாள் உடம்பு கிடக்கும், அன்றைக்கு எந்தக் கை வருகிறது என்று பார்ப்போம். முறிந்தால் முறியட்டும். உன் மகளுக்குக் கல்லில் எழுதின மாப்பிள்ளை எங்காவது இருப்பான்.

என்னைப் பயமுறுத்துவது அந்த நிகாஹ் இல்லை. கேள்.

மர்லியா மவுத்தாகிவிட்டாள். பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் அவளை ஆண்டி என்றும் பைத்தியம் என்றும் எழுதினேன், நினைவிருக்கிறதா? அவள் பழக்கிய பிள்ளைகளில் சிலர் காய்ச்சலில் கிடந்தார்கள், சிலரை வீட்டார் பூட்டி வைத்துவிட்டார்கள். நளீரா ஒருத்திதான் வந்தாள். காமிலா லெப்பை வீட்டு வாசல்வரை வந்தாள். உள்ளே வா என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். வரவில்லை. கடைசியில் நானே குடத்தைத் தூக்கித் தண்ணீர் வார்த்தேன், நளீரா கழுவினாள். எனக்கு முறை தெரியாது, நளீரா சொல்லச் சொல்லச் செய்தேன். குடம் தூக்கியதில் அன்று முழுக்க எனக்கு வயிறு பிய்ந்துபோனது. மர்லியா கனமாகத்தான் இருந்தாள், பலீலா. அவள் சொன்னது சரி.

பட்ட காலிலேயே படும் என்பது பொய்யில்லை. அந்தக் கிழமையே மடுல்சீமை நிஸாம் தன் கடைக்குச் சாமான் எடுக்கப் பதுளைக்கு வந்தவர், எங்கள் வீட்டுக் கூடத்தில் காமிலா இருப்பது தெரியாமல் உன் மச்சானிடம் சொல்லிவிட்டார். வீரய்யாவும் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனவன் எழும்பவேயில்லையாம். தாலியைக் கழற்றின அன்றே அவன் ஆயுசு கழன்றுவிட்டது என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அந்தக் குழந்தையை இராக்கம்மா வைத்திருக்கிறாள்.

காய்ச்சல்தான் அவனைக் கொண்டுபோனது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரில் பாதிப் பேர் தாலி கழற்றாமலே செத்துப்போனார்கள். இதை நான் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்துவிட்டேன். உன் மச்சான் சொன்னார், லெப்பை தன் பெண்சாதியை அடக்கிய துக்கத்தோடு வந்து உட்கார்ந்து சொன்னார். அவள் ஆமாம் என்பாள். பிறகு போய்ச் சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்ப்பாள். தோல் உரிந்து சிவந்திருக்கிறது. கரண்டியால் தின்கிறாள். எனக்குத் தலை வாரிவிடுவாள் முன்பெல்லாம், இப்போது சீப்பை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நான் கேட்ட தண்ணீரையும் தள்ளி வைக்கிறாள், என் கையில் தருவதில்லை. தொட்டால் எனக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறாள் பிள்ளை.

நளீராவை அவள் வாப்பா பண்டாரவளைக்குக் கூட்டிப் போய்விட்டார், இனி இந்த ஊர்ப் பக்கமே அனுப்ப மாட்டாராம். மற்றப் பிள்ளைகளின் தாய்மாரும் போதும் இந்தப் படிப்பு என்கிறார்கள். வியாழக்கிழமைக் கூட்டம் நின்றுபோனது. பதுளையில் இப்போது முறை தெரிந்து, தைரியமாக வரக்கூடியவள் காமிலா ஒருத்திதான். அவள்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

மர்லியாவின் பலகையை லெப்பை பார்க்கப் பொறுக்காமல் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பின்கட்டில் சாத்தி வைத்திருக்கிறேன். போன வியாழக்கிழமை சாயங்கால அஸர் தொழுதபின், உன் மச்சான் கடையில் இருந்த நேரம், அதை இழுத்துப் போட்டேன். இழுக்கவே எனக்கு மூச்சு வாங்கியது. காமிலாவைக் கூப்பிட்டு, அன்றைக்கு மர்லியா கேட்டாளே, நான் மாட்டேன் என்றேனே, இதோ படுக்கிறேன், வந்து பழகு, கை பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றேன். படுத்துக் கண்ணை மூடினேன். வேடிக்கையாக இருக்கட்டும் என்று, எனக்கும் கூச்சம் உண்டு, பார்த்துச் செய் என்றேன்.

அவள் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள், அவள் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. என் கைவளையலுக்கு நேரே அவள் விரல் வந்தது. முதலில் நகையைக் கழற்ற வேண்டும் அல்லவா. விரல் வளையலில் பட்டதும், பெரியப்பா உசுரோடு இருக்கிறார், பெரியப்பா உசுரோடு இருக்கிறார் என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடிவிட்டாள். நமக்கு அப்படி ஒரு சட்டமே இல்லையடி என்று பின்னால் கத்தினேன். அவள் கேட்கவில்லை. நான் அந்தப் பலகையில் இருந்து தனியே எழும்ப முடியாமல், உன் மச்சான் வரும்வரை அப்படியே கிடந்து அழுதேன். எனக்காக அழுதேனா அவளுக்காக அழுதேனா என்று கேட்காதே, இரண்டும்தான்.

நம் உம்மா மவுத்தானபோது நாம் இரண்டு பேரும் திரைக்கு வெளியே நின்றோம். உள்ளே முகம் தெரியாத ஒரு பொம்புளை அவவைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக என்று சொல்லக்கூட நமக்குத் துணிவில்லை. பசறைக்காரியையும் நான் மறக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, பலீலா. நான் எதற்கும் பயப்படாதவள் என்று நீ சொல்வாய். பயமாகத்தான் இருக்கிறது.

துணி கடையிலேயே இருக்கிறது, நல்லதாகப் பார்த்து எடுத்து என் பெட்டியில் வைத்துவிட்டேன். சூடமும் இலந்தை இலையும் வைத்திருக்கிறேன். பெட்டிச் சாவி எங்கே என்று காமிலாவுக்குக் காட்டிவிட்டேன்.

ஆகையால் உன்னிடம் இரண்டு கேட்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நான் உனக்குக் கொடுத்த தின்பண்டம் எல்லாவற்றுக்கும் ஈடாகக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். பிள்ளையை இப்போது கூப்பிடாதே. அதிக நாள் வைத்திருக்க மாட்டேன், மழை முடிந்து பாதை காய்ந்ததும் உன் மச்சானே கொண்டுவந்து விடுவார்.

மற்றது, அவளுக்கு நீ ஒரு கடிதம் எழுது. அவளுக்கென்று தனியாக. ஏசாதே, நிகாஹ்வைப் பற்றி ஒரு எழுத்து எழுதாதே. மகளே, உன் கையில் ஒரு குற்றமும் இல்லை, நான் பெற்ற கை அது, எனக்குத் தெரியாதா என்று எழுது. என் சொல்லை அவள் நம்பவில்லை, நோயாளி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறாள். நீ எழுதினால் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்வாள். பெரியம்மா எதைக் கேட்டாலும் மறுக்காமல் செய் என்று கடைசியில் ஒரு வரி சேர். அதற்குமேல் விளக்க வேண்டாம். அவள் விளங்கிக்கொள்வாள்.

இன்னொன்றும் எழுது. மர்லியா கேட்ட கனம் இப்போது பெரியம்மாவிடம் இல்லையாம் என்று எழுது. சோறு இறங்கிப் பல நாளாகிறது. அவள் தனியாளாக, ஒற்றைக் கையாலேயே என்னைப் புரட்டிவிடலாம். யாரும் துணைக்கு வராவிட்டாலும் பயப்பட வேண்டியதில்லை.

அடுத்த தபாலிலேயே எழுது. அதற்கடுத்த தபாலுக்கு என்று வைத்துவிடாதே.

ஜுனைதீன் தம்பிக்கு ஸலாம். பிள்ளைகளின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்து நீ உன் கையை வை. நான் உனக்குச் செய்த பிழை ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள். உன் வயிற்றில் பிறந்த அந்தக் கைகளை அல்லாஹ் குளிர்ச்சியாக்கி வைக்கட்டும்.

உன் ராத்தா,
ஜெனீரா.